பாடசாலை மேசையில் வைன்: 'அவர்களின் கலாச்சாரம்' பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பிரான்சில் வாழும் எம்மவர் மத்தியில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. 'இது வெள்ளைக்காரற்ற நாடு, இங்கை பிள்ளையள் குடிக்கத்தான் செய்யும்' என்பது ஒன்று. 'எங்கட பிள்ளையளை இவங்கட கலாச்சாரம் கெடுத்துப்போட்டுது' என்பது மற்றையது. முதலாவதைச் சொல்பவர் தன்னை முற்போக்காளராகவும், இரண்டாவதைச் சொல்பவர் பண்பாட்டுக் காவலராகவும் கருதிக்கொள்கிறார். ஆனால் இருவரது நம்பிக்கையும் ஒன்றே: பிரெஞ்சுப் பிள்ளைகள் என்றென்றும் குடித்துவந்தார்கள், அது மாறாதது. ஒருகாலத்தில் வரலாறு படிப்பித்து, இன்று தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன் என்ற வகையில் இந்த நம்பிக்கையைச் சற்றே கிளறிப்பார்க்க விரும்புகிறேன். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1871 இல் பாரிஸ் கொம்யூன் இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. தொழிலாளரின் எழுச்சிக்கு அவர்களது குடிப்பழக்கமே காரணம் என்று ஆளும் வர்க்கத்தினர் பேசினர். இந்தச் சூழலில்தான் 1873 ஜனவரியில், பொது இடங்களில் வெறியில் இருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. கடைகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் பரிமாறுவதையும் அது தடுத்தது. ஆனால் அக்கால மனதில் 'மது' என்றால் வடித்தெடுத்த சாராய வகைகளே. வைன், பியர், சைடர் ஆகியவை 'சுகாதாரமான பானங்கள்' எனப்பட்டன. 1900 டிசம்பரில் வந்த சட்டம் அவற்றின் மீதான வரியையும் குறைத்தது. 1890களில் பாடசாலைகளில் மதுவிலக்குப் பாடம் புகுந்தபோது அங்கும் குற்றவாளிக் கூண்டில் நின்றது சாராயமே. முதலாம் உலகப்போர் இந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தியது. 1915 இல் அப்சிந்த் தடைசெய்யப்பட்டது; அதே போரில் அரசே படைவீரருக்கு நாளாந்தம் வைன் பங்கிட்டது.

வைனுக்கு இந்த மரியாதை தானாகக் கிடைத்ததல்ல. விளைந்த வைன் விற்றுமுடியாத நெருக்கடிக் காலத்தில், 1931 இல், அதன் பிரச்சாரத்துக்கென்றே ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. மதிய உணவோடு தண்ணீர் கலந்த வைனோ சைடரோ பிள்ளைகளுக்குக் கொடுப்பது பல பகுதிகளில் வழமையாக இருந்தது. அது உடலுக்குப் பலம் என்று பெற்றோர் நம்பினர்.

1954 ஜூனில் பிரதமரானவர் பியேர் மென்டெஸ்-பிரான்ஸ். இந்தோசீனப் போரை ஜெனீவாவில் முடித்துவைத்தவர் என்றே எம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதே மனிதர் மதுப்பாவனைக்கு எதிராக அரசாணைகள் கொண்டுவந்தார். மதுப்பாவனையை ஆராய ஓர் உயர்குழுவை நிறுவினார். பாடசாலைகளில் பால் வழங்கும் திட்டத்தைத் தொடக்கினார். பகிரங்கமாகப் பால் குடித்துக் காட்டினார். கேலிச்சித்திரக்காரருக்குக் கொண்டாட்டம். சாராயம் வடிப்போரும் அவர்களுக்கு ஆதரவான அரசியல்வாதிகளும் அவரைப் பகைத்தனர். 1955 பெப்ரவரியில் அவரது அரசு கவிழ்ந்தது, வட ஆபிரிக்கக் கொள்கை பற்றிய விவாதத்தில்தான் என்றாலும்.

றொலன் பார்த் வைனையும் பாலையும் பற்றி எழுதிய சிறு கட்டுரை 1957 இல் அவரது 'மித்தொலொஜி' நூலில் இடம்பெற்றது. வைன் இந்தத் தேசத்தின் குலச்சின்னம் என்று விளக்கிவிட்டு, கடைசியில் அவர் அல்ஜீரியாவுக்கு வருகிறார். அங்கு முஸ்லிம் மக்களிடமிருந்து பறித்த நிலத்திலேயே குடியேறிகள் திராட்சை பயிரிட்டார்கள். அந்த மக்களுக்கோ பாண் இல்லை. 'கலாச்சாரம்' என்று நாம் வணங்கியோ வைதோ பேசும் பொருளுக்குள் காணியும் கூலியும் இலாபமும் கிடக்கின்றன என்பதே இதன் சாரம்.

பாடசாலை மேசையிலிருந்து வைன் இறங்கியது படிப்படியாகத்தான். 1956 ஆகஸ்டில் வந்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 14 வயதுக்குட்பட்ட மாணவருக்கு மட்டும் அதைத் தடுத்தது. லீசேக்களில் முழுத்தடை வர 1981 ஆகிவிட்டது. 1991 இல் எவன் சட்டம் மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. 18 வயதுக்குட்பட்டோருக்கு எந்த மதுவையும் விற்கக்கூடாது என்ற சட்டம் 2009 ஜூலையில்தான் வந்தது. 1873 இலிருந்து கணக்கிட்டால் 136 ஆண்டுகள்! இதனிடையே 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கான சராசரி நுகர்வு, தூய மதுசாரமாகக் கணக்கிட்டால், 1961 இல் ஆண்டுக்கு 26 லீற்றராக இருந்து 2017 இல் 12 லீற்றருக்குக் கீழே இறங்கியது. மாறாதது என்று நாம் நம்பியது, எம்மில் பலர் இங்கு வந்துசேர்ந்த பின்னரும் மாறிக்கொண்டே இருந்தது. நாம் கவனிக்கவில்லை.

இனி என் காரணம். என் தங்கையின் மகனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் அவனுக்குப் பியர் ஊற்றிக் கொடுத்தவன் நான். 'ஆம்பிளைப் பிள்ளைதானே' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்தாவது வயதில், ஒரு குளிர்கால சனிக்கிழமை இரவு, நண்பர்களோடு வொட்கா குடித்துப் பூங்கா ஒன்றில் நினைவிழந்து கிடந்தான். யாரோ வழிப்போக்கர் அம்புலன்சை அழைத்ததால் பிழைத்தான். அந்த வயதில் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும், உடல் குளிர்ந்துபோகும், வாந்தி மூச்சுக்குழலை அடைத்தால் இருமி வெளியேற்றக்கூட இயலாது என்று டொக்டர் விளக்கினார். முதன்முதலில் எப்போது குடித்தாய் என்று கேட்டார். பெடியன் என் முகத்தைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை.

மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதிவரை தொடர்கிறது என்பதும், நிதானத்துக்கும் முடிவெடுத்தலுக்கும் உரிய பகுதிகளே கடைசியில் முதிர்கின்றன என்பதும் இன்று நன்கு அறியப்பட்டவை. 1997 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் வாழ்வில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தனர். இருபதுக்குப் பின் தொடங்கியோரில் அது 10 சதவீதமளவே. தொடங்கிய வயதா காரணம், அவ்வளவு முந்தித் தொடங்கவைத்த வீட்டுச் சூழலா என்று விவாதிக்கலாம். என்னைப் பொறுத்தவரை அந்த வீட்டுச் சூழல் நானேதான்.

'எங்கட கலாச்சாரத்திலை இது இல்லை' என்பவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. ஊரில் கள்ளிறக்கியவனைச் சாதி சொல்லி இழித்துக்கொண்டே அவனது கள்ளைக் குடித்தவர்கள் யார்? நாம் விட்டுவந்த இலங்கையில், 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது குற்றம். இங்கோ எமது மண்டபங்களில் பெரியவர்களின் மேசையில் விஸ்கிப் போத்தல். அதைச் சுற்றிப் பிள்ளைகள். அந்தப் போத்தலைப் பிரெஞ்சுக்காரர் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

நான் மதுவிலக்குப் பிரச்சாரகன் அல்லன். வளர்ந்தவர்கள் குடிப்பது அவரவர் விடயம். ஆனால் பிள்ளைகளின் மேசையில் எது இருக்கவேண்டும் என்பதை இந்தச் சமூகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தனக்குள் சண்டையிட்டுத் தீர்மானித்தது. எமக்குள் அந்தச் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை. இப்பக்கங்களில் அது தொடங்கட்டும். என்னைக் கண்டிப்பதிலிருந்து தொடங்கினாலும் சரிதான்.