செங்கம் ரோட்டுப் பையனும் 11 கிலோ பொட்டியும்

பொட்டி தட்டிப் பிழைக்கிற மக்கள் எல்லாரும் 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்ற வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். எங்க டேமேஜர் (மேனேஜர்தான்) மாசத்துக்கு ஒரு வாட்டி சொல்லிவிடுவார். அடுத்து வரப்போற சரக்கைப் பத்தி இப்பவே தம்பட்டம் அடிச்சா, கையில இருக்கிற சரக்கை எவனும் வாங்க மாட்டான், அதனால வாயை மூடிக்கிட்டு ஆணி புடுங்கு. அவ்வளவுதான் மேட்டர்.

அந்த ஆஸ்போர்ன் எங்க ஏரியா ஆள் என்பது அவருக்குத் தெரியாது.

நிஜமாத்தான். ரமணாசிரமம் பக்கம் வந்து ஆஸ்போர்ன் என்று கேட்டால் ஆர்தர் ஆஸ்போர்னைப் பற்றிச் சொல்வார்கள். ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர், 1964இல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையை ஆரம்பித்தவர். ஆசிரமத்துப் புத்தகக் கடையில் அவர் புத்தகங்கள் கிடைக்கும். அவருடைய மகன் ஆடம் ஆஸ்போர்னைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மகனைத் தெரியும், அப்பாவைத் தெரியாது. ரெண்டு கோஷ்டியும் இதே செங்கம் ரோட்டு டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆடம் பிறந்தது 1939இல் பாங்காக்கில். அப்பா ஆங்கிலேயர், அங்கே சூலலாங்கார்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். அம்மா லூசியா போலந்துக்காரர். யுத்தம் நெருங்கியதும் அம்மாவும் மூணு குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். தாய்லாந்திலேயே தங்கிய அப்பாவை ஜப்பான்காரர்கள் முகாமில் அடைத்துவிட்டார்கள். 1945இல் யுத்தம் முடிந்த பிறகுதான் அவர் குடும்பத்தோடு சேர முடிந்தது. ஆக, ரெண்டு வயசிலிருந்து ஆறு வயசு வரை அப்பா இல்லாமல் இந்த மலையடிவாரத்தில் ஓடியாடிய பையன். அப்புறம் கொடைக்கானலில் பிரசென்டேஷன் கான்வென்டில் ஆறாம் கிளாஸ் வரை படிப்பு. 1950இல் இங்கிலாந்து போய்விட்டார்.

பர்மிங்ஹாமில் கெமிக்கல் இன்ஜினியரிங், அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. (படிச்சது ஒண்ணு, பிழைப்பு வேறொண்ணு. சிவில் படிச்சுட்டு ஜாவா எழுதுற என்னை மாதிரி ஆட்களுக்கு முன்னோடி!) 70களில் மைக்ரோபிராசசர் வந்தபோது அதைப் புரியும்படி விளக்க ஆளில்லை. இவர் வேலையை விட்டுவிட்டு அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், தானே பதிப்பித்தார். நன்றாக விற்றது. 1979இல் அந்தப் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் வாங்கியது. நம்ம ஊர் காலேஜ் லைப்ரரிகளில் 'ஆஸ்போர்ன்/மெக்ரா-ஹில்' என்று முதுகில் போட்ட புத்தகங்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆஸ்போர்ன் இவர்தான்.

இனி பொட்டிக்கு வருவோம்.

1980 வாக்கில் கம்ப்யூட்டர் வாங்குவது கல்யாணச் சீர் வாங்குவது மாதிரி. பொட்டி தனி, மானிட்டர் தனி, பிளாப்பி டிரைவ் தனி, அதை இணைக்க ஒரு கார்டு தனி, பிரிண்டருக்கு இன்னொரு கார்டு. எல்லாம் வாங்கி முடித்தால் சாஃப்ட்வேருக்கு மறுபடி பர்ஸைத் திறக்கணும். இந்த உதிரிகளை எல்லாம் ஒரே பொட்டிக்குள் அடைத்து, கைப்பிடி போட்டு, விமான சீட்டுக்கு அடியில் தள்ளுகிற சைஸில் கொடுத்தால் என்ன? இதுதான் ஆடமின் கேள்வி. பதிலை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன், ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் பழைய ஆள். 1981 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' வெளியானது. ஐபிஎம் பிசி வந்ததே அதற்கு நாலு மாசம் கழித்துத்தான்.

வெயிட் சுமார் 11 கிலோ. மூடிபோட்ட தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த உருவம்தான். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை, இன்றைக்கு நம் பாக்கெட்டில் இருக்கிற போனை விடச் சின்னது. வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். ஆனால் மெமரியில் ஒரு வரி 128 எழுத்து வரை இருக்கும், பாக்கியைப் பார்க்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கணும். இரண்டு பக்கமும் 5¼ அங்குல பிளாப்பி டிரைவ், ஒவ்வொன்றிலும் 91 கேபி பிடிக்கும். இஸட்-80 பிராசசர், 64 கேபி மெமரி, சிபி/எம் ஆபரேட்டிங் சிஸ்டம். பிரிண்டருக்கும் மோடத்துக்கும் வெளி மானிட்டருக்கும் தனித்தனி வாய் முன்பக்கமே இருந்தது, கார்டு எதுவும் செருக வேண்டாம்.

எந்த பாகமும் உலகத்திலேயே பெஸ்ட் கிடையாது. வேலைக்குப் போதும், அவ்வளவுதான். 'போதும்' என்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தார் மனுஷன். (ஆசிரமத்துப் பக்கம் வளர்ந்ததால் வந்த புத்தி என்று ஜல்லியடிக்கலாம், நான் அடிக்கப்போவதில்லை.)

என்னைக் கேட்டால் அவருடைய நிஜமான சாமர்த்தியம் விலையில்தான். 1795 டாலருக்கு மெஷினோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், இரண்டு பேசிக் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். பின்னாளில் டிபேஸ் டூவும் சேர்ந்தது. தனித்தனியாக வாங்கினால் சாஃப்ட்வேர் மட்டுமே சுமார் 1500 டாலர். அதாவது மெஷின் கிட்டத்தட்ட ஓசி! விற்பனை உச்சத்தில் இருந்தபோது ஒரே மாசத்தில் 10,000 பொட்டி போனது.

1983 செப்டம்பரில் கம்பெனி திவால்.

இங்கேதான் என் டேமேஜரோடு எனக்குத் தகராறு. 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற அடுத்த மாடலைப் பற்றி ஆடம் முன்கூட்டியே உளறிவிட்டார், ஆர்டர் எல்லாம் நின்றுபோச்சு, கதை முடிஞ்சுது என்கிறார்கள். ஒரு பங்கு உண்மைதான். ஆனால் 1982இலேயே 'கேப்ரோ' வந்துவிட்டதே! அதே 1795 டாலர், 9 அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்து. அந்த வருஷ நவம்பரில் ஐபிஎம் சாஃப்ட்வேரை ஓட்டக்கூடிய காம்பேக் போர்ட்டபிளும் அறிவிக்கப்பட்டது. சிபி/எம் பொட்டிகளுக்கே அது கெட்ட காலம். அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்கிற இன்னொரு கதையும் இருக்கு. ஸ்டாக்கில் மிச்சமிருந்த 1,50,000 டாலர் பெறுமான பழைய மதர்போர்டுகளை வீணாக்கக்கூடாது என்று, அதற்குத் திரையும் கேஸும் வாங்க 20 லட்சம் டாலர் செலவழித்தார்களாம். உளறல் சாகடிச்சதா, போட்டியா, கணக்குப் பிள்ளைத்தனமா? மூணும்தான். ஆனால் பெயர் மட்டும் உளறலுக்குப் போனது.

அத்தோடு முடியவில்லை. 1984இல் 'பேப்பர்பேக் சாஃப்ட்வேர்' ஆரம்பித்தார். சாஃப்ட்வேரைப் பாக்கெட் நாவல் மாதிரி மலிவாக விற்கணும் என்பது ஐடியா. அவர்களுடைய விபி-பிளானர் 100 டாலருக்கு உள்ளே. லோட்டஸ் 1-2-3 விலை 495. விபி-பிளானரின் மெனு லோட்டஸ் மாதிரியே இருந்தது, லோட்டஸ் பழகியவர்கள் அப்படியே மாறிக்கொள்ளலாம். 1987இல் லோட்டஸ் கேஸ் போட்டது. 1990இல் மெனு அமைப்புக்கும் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பு, ஆடம் வெளியேறினார். 90களில் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு 'வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ்' என்று போர்டு மாட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அதில் ரெண்டு இவர் பொட்டியோடு சேர்த்துக் கொடுத்தது, மூணாவது இவரைக் கோர்ட்டில் கவிழ்த்தது.

இதே லோட்டஸ் இதே மெனுவுக்காக போர்லண்ட் மேலும் கேஸ் போட்டது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெனு கட்டளைகளுக்குக் காப்புரிமை கிடையாது என்றது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 4-4 என்று பிரிந்ததால் அதுவே நிலைத்தது. ஆடம் அதற்குள் மூளை நோயால் படுத்து, கொடைக்கானலில் சகோதரி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். ஆறாம் கிளாஸ் வரை படித்த அதே ஊர். 2003 மார்ச் 18 அன்று அங்கேயே காலமானார், 64 வயசு.