கொடைக்கானலில் ஒரு லிட்டர் வெந்நீர்

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். தேயிலையைக் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால்தான் சாறு இறங்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம் (வாத்தியார் புத்தி!). 15 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 330 கிலோஜூல் வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். ஆக, நன்றாகக் காய்ந்த விறகே 200 கிராம் ஆகும். மழைக்கால ஈர விறகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே குடியேறினார்கள். பங்களாக்கள் பெருகின, அடுப்போடு கணப்பும் சேர்ந்துகொண்டது. சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டினால் எளிதில் திரும்பாது. அதனால் வேகமாக வளரும் யூகலிப்டஸும் வாட்டிலும் வந்தன. சோலையைக் காக்க வந்த விறகு மரம் என்று அன்று அது நல்ல யோசனைதான். பிறகு தோல் பதனிடவும் ஆலைக் கூழுக்கும் என்று புல்வெளி முழுக்க நட்டார்கள். 1973க்குப் பின் நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் பாதிக்கும் மேல் போய்விட்டது. ஓடைகளுக்கு நீரைப் பிடித்து வைத்ததே அந்தப் புல்தான்.

மரத்தை மாற்றிய அளவுக்கு அடுப்பை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை என்பது என் எண்ணம். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1953லேயே புகையில்லா அடுப்பைப் பற்றிப் புத்தகம் போட்டார். மத்திய அரசின் அடுப்புத் திட்டம் வந்ததோ 1983இல். இடைப்பட்ட முப்பது ஆண்டும் பெண்கள் சுள்ளிக்கட்டைத் தலையில் சுமந்து சரிவில் இறங்கினார்கள்.

டீக்கடை பாய்லரைக் கவனித்திருக்கிறீர்களா? நடுக்குழாயில் கரி, சுற்றிலும் தண்ணீர். நெருப்பை நீரே சூழ்ந்திருப்பதால் வெப்பம் வெளியே வீணாவது குறைவு. உள்ளே ஒரு காசு கிடக்கும், கொதித்தால் சலசலக்கும். நல்ல அமைப்புதான், ஆனால் மரத்தைக் கரியாகச் சுடும்போதே வெப்பத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

கேஸ் என்றால் அதே லிட்டருக்கு 12 கிராம் போதும். மின்கெட்டிலில் ஒரு யூனிட்டுக்கு ஒன்பது லிட்டர் கொதிக்கும். ஆனால் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு முன்பே போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்று மலைக் கிராமங்களில் டீக்குச் சிலிண்டர் வந்துவிட்டது. குளிக்கிற வெந்நீருக்குத்தான் கொல்லையில் இன்னும் விறகு எரிகிறது.