மித்தீஷி தொகுதி: கைதியைக் காப்பாற்றிய ஓர் இடைத்தேர்தல்

ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவின் வடகிழக்கு எல்லையை ஒட்டி இருக்கும் புறநகர் மித்தீஷி. பேரரசி இரண்டாம் கேத்தரின் 1779-ல் இட்ட ஆணைப்படி, இவ்வூர் ஊற்றுகளிலிருந்துதான் மாஸ்கோவுக்கு முதன்முதலாகக் குழாய்வழியே குடிநீர் கொண்டுசெல்லப்பட்டது. மாஸ்கோ மெட்ரோவில் ஓடும் ரயில் பெட்டிகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலையும் இங்கேதான் உள்ளது. தொழிலாளர்களும் ஓய்வூதியர்களும் நிறைந்த, வெளியுலகம் அதிகம் பேசாத ஊர். ஆனால் இவ்வூரின் பெயர் தாங்கிய நாடாளுமன்றத் தொகுதி 1994-ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் அடிபட்டது.

"வாக்கு ஓர் அமானிதம்" என்று தேர்தல்தோறும் மிம்பர்களில் சொல்கிறோம். அந்த அமானிதம் கைமாறினால் என்ன நடக்கும் என்பதை மித்தீஷியைப்போல் தெளிவாகக் காட்டும் தொகுதிகள் குறைவு.

சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1993 டிசம்பர் 12 அன்று ரஷ்யாவில் முதல் டூமா தேர்தல் நடந்தது. டூமா என்பது அவர்களுடைய நாடாளுமன்றத்தின் கீழவை. மொத்தம் 450 இடங்கள். பாதி இடங்களைக் கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி நிரப்பினார்கள். மீதி 225 இடங்களுக்குத் தொகுதிக்கு ஒருவர் வீதம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றுதான் 109-ஆம் எண் கொண்ட மித்தீஷி தொகுதி. வாக்குச்சீட்டில் "அனைவருக்கும் எதிராக" என்ற கட்டமும் அப்போது இருந்தது. அதே நாளில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் புதிய அரசியல் சாசனமும் நிறைவேறியது. அதன் 98-வது பிரிவின்படி, குற்றம் செய்யும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டாலன்றி, அவையின் சம்மதம் இல்லாமல் டூமா உறுப்பினரைக் கைது செய்ய முடியாது. மித்தீஷியின் கதை இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான் சுழல்கிறது.

முதல் தேர்தலில் வென்றவர் அந்திரேய் ஐஸ்தெர்ஸிஸ் என்ற இளம் தொழிலதிபர். நான்கு மாதம்தான் பதவியில் இருந்தார். 1994 ஏப்ரல் 26 அன்று, கிம்கி நகரில் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றக் கும்பல்களைச் சேர்ந்த 266 பேரின் பெயர்ப் பட்டியலை அவருடைய பத்திரிகை வெளியிட்டிருந்தது. கொலைக்கு அதுவே காரணம் என்று பலரும் பேசினார்கள். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட முதல் டூமா உறுப்பினர் அவர்தான். இடம் காலியாகி, இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் செர்கேய் மாவ்ரோதி வருகிறார். மாவ்ரோதி, அவருடைய தம்பி, இன்னொரு பங்காளி ஆகிய மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'எம்எம்எம்' என்று பெயர் வைத்த நிறுவனம் அவருடையது. 1989-ல் கணினி இறக்குமதியில் தொடங்கியது. 1994 பிப்ரவரியில் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்கத் தொடங்கியது. ஆயிரம் ரூபிள் பங்கின் விலையை நிறுவனமே வாராவாரம் ஏற்றி அறிவித்தது. ஆறு மாதத்தில் விலை நூறு மடங்கைத் தாண்டியது. பிறகு மாவ்ரோதியின் படம் அச்சடித்த சீட்டுகளையே, பணத்தாள் போலவே, விற்றார்கள். தொலைக்காட்சி விளம்பரங்களில் லியோன்யா கோலுப்கோவ் என்ற சாதாரணத் தொழிலாளி பாத்திரம் எம்எம்எம்மில் பணம் போட்டு மனைவிக்குக் காலணியும் கோட்டும் வாங்கித் தருவான். நாடே அவனைப் பற்றிப் பேசியது.

பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடுகளை அரசு நீக்கியது. அந்த ஓராண்டில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 2,500 சதவீதம் ஏறியது. முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த சேமிப்பு சில வாரச் செலவுக்குக்கூடப் போதாமல் போனது. பங்கு என்றால் என்ன, முதலீடு என்றால் என்ன என்று ஒருபோதும் அறிந்திராத சமூகம் அது. அரசு தொலைக்காட்சியிலேயே விளம்பரம் வருகிறதே, பொய்யாகவா இருக்கும் என்று நம்பினார்கள்.

ஆனால் அந்த நிறுவனத்தின் லாபத்துக்குப் பின்னால் வியாபாரம் இல்லை. புதிதாக வருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்தார்கள். ஃபிக்ஹின் பார்வையில் இது பிறர் பொருளை அநியாயமாக உண்பதில் சேரும். "இது வட்டி இல்லை, பங்கு லாபம்" என்று சொல்வதால் மட்டும் ஹலால் ஆகிவிடாது. எந்தச் சரக்கு, எந்த உழைப்பு, எந்த விற்பனையிலிருந்து லாபம் வருகிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

1994 ஜூலை 29 அன்று மாவ்ரோதி பங்கின் விலையை மறுபடி ஆயிரம் ரூபிளுக்கு இறக்கினார். லட்சத்துக்கு மேல் மதிப்பு என்று நம்பி வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் போலீஸ் அவரைக் கைது செய்தது. அப்போது பணத்தை இழந்தவர்களில் பெரும் பகுதியினரின் கோபம் அவர்மேல் திரும்பவில்லை, அரசின்மேல் திரும்பியது. மாவ்ரோதி வெளியே இருந்தால் பணம் வரும், உள்ளே இருந்தால் வராது. அவர்களுடைய கணக்கு இவ்வளவுதான்.

காவலில் இருந்தபடியே மித்தீஷி இடைத்தேர்தலில் மாவ்ரோதி வேட்பாளரானார். அக்டோபரில் விடுதலையானார். 30-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. தொகுதியின் பெரும்பாலான வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்த சிறு கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த வாக்குகள் போதுமாக இருந்தன. எம்எம்எம் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு வாக்குச்சாவடிக்குப் போக வலுவான காரணம் இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததில் வாக்களித்தவர்களைவிட வாக்களிக்காதவர்களின் பங்கே அதிகம் என்பது என் கருத்து.

முஃப்தி முஹம்மது ஷஃபி (ரஹ்) அவர்கள் வாக்களிப்பதை மூன்று கோணங்களில் விளக்கியிருக்கிறார்கள். இவர் தகுதியானவர் என்று சொல்லும் சாட்சியம் அது. இவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள் என்ற பரிந்துரை அது. என் சார்பில் இவர் செயல்படட்டும் என்று கொடுக்கும் வகாலத்தும் அது. வகாலத்தில் நஷ்டம் வந்தால் அது கொடுத்தவரோடு முடியலாம். இங்கோ முழு ஊரின் உரிமையும் அடங்கியிருக்கிறது. மித்தீஷியில் சிலர் தம் கடனை வசூலிக்கும் ரசீதாக வாக்கைப் பயன்படுத்தினார்கள். சாலைக்கும் பள்ளிக்கும் பேச வேண்டிய ஆள் ஊருக்கு இல்லாமல் போனார். பணமும் திரும்பவில்லை.

மாவ்ரோதி உறுப்பினருக்குரிய சம்பளமும் சலுகைகளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைத் தியாகம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. அவருக்குத் தேவைப்பட்டது 98-வது பிரிவு மட்டுமே, அது கிடைத்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1995 அக்டோபரில், டூமா அவருடைய பதவியைப் பறித்தது. 1996-ல் அதிபர் தேர்தலில் நிற்க முயன்றார். ஆதரவுக் கையெழுத்துகள் செல்லாது என்று தேர்தல் ஆணையம் நிராகரித்தது. பிறகு தலைமறைவானார். 2003 ஜனவரியில் மாஸ்கோவிலேயே பிடிபட்டார். 2007-ல் மோசடிக்காக நாலரை ஆண்டு தண்டனை கிடைத்தது. விசாரணைக் காலத்திலேயே அது பெரும்பாலும் கழிந்திருந்ததால், சில வாரங்களில் வெளியே வந்தார். 2011-ல் அதே பெயரில் இணையம் வழியாக மறுபடி தொடங்கினார். அதன் கிளைகள் நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, நம் இந்தியா வரை நீண்டன. "பரஸ்பர உதவி" என்ற அழகான பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. 2018 மார்ச்சில் மாரடைப்பால் இறந்தார்.

தொகுதியின் பிற்காலம் அமைதியானது. 1995, 1999, 2003 ஆண்டுகளில் வழக்கமான தேர்தல்கள் நடந்தன. 2005-ல் வந்த சட்டம் நேரடித் தொகுதிகள் அனைத்தையும் ஒழித்து, 450 இடங்களையும் கட்சிப் பட்டியலுக்கே கொடுத்தது. எனவே 2007, 2011 தேர்தல்களில் ரஷ்யாவின் எந்த ஊருக்கும் தனக்கென்று ஒரு டூமா உறுப்பினர் இல்லை. 2014-ல் பழைய கலப்பு முறை திரும்பியது. 2016 தேர்தலுக்காக மாஸ்கோ மாகாணத்தில் 11 தொகுதிகளை வரைந்தார்கள். அவற்றில் எதற்கும் மித்தீஷி என்ற பெயர் இல்லை. மாகாணத்தின் வடக்கே அமைந்த டிமித்ரோவ் தொகுதியில், ஒலிம்பிக்கில் மூன்று முறை தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை இரினா ரோத்னினா 2016-லும் 2021-லும் ஆளும் கட்சி சார்பில் வென்றார்.