புயலின் பெயரைவிட அது நிற்கும் இடம் முக்கியம்: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஆலோசனை

ஐப்பசி பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "வங்கக்கடலில் புயலாமே சார், பழத்தை வெட்டிவிடலாமா, இன்னும் நாலு நாள் விடலாமா?" பன்னீர் திராட்சைக்கு நாலு நாள் என்பது சின்ன விஷயமல்ல. முன்னதாக வெட்டினால் இனிப்பு ஏறாத பழம், வியாபாரி விலையைக் குறைப்பார். விட்டுவைத்து மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும், கொத்தோடு அழுகும்.

வேலைக்கு வந்த புதிதில், புயல் என்ற சொல்லைக் கேட்டதுமே "வெட்டிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் புயல் ஆந்திரா பக்கம் போனது. இங்கே நாலு நாளும் வெயில் அடித்தது. என் பேச்சைக் கேட்டவர்களுக்குக் கிலோவுக்குக் கிடைக்க வேண்டிய விலை போனது. அதற்குப் பிறகு, புயல் எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

2023 டிசம்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. தென் மாவட்டங்களில் அந்த அளவு மழை இல்லை. இரண்டு வாரம் கழித்து, குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி. அது புயலாகவில்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகக்கூட ஆகவில்லை, அதற்குப் பெயரும் கிடையாது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ. தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளம்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

நம் பக்கத்துக் கடல்களில் எந்தச் சுழற்சி உருவானாலும் காற்று அதைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுழலும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். சென்னைக்கு அருகில் சுழற்சி நின்றால் நாம் அதன் தென்மேற்கில் இருக்கிறோம். நமக்கு மேற்கு, வடமேற்குக் காற்றுதான் வரும். அது கேரளப் பக்கச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு மலையிறங்கும்போது வறண்டிருக்கும். அதனால்தான் சென்னையில் பேய்மழை பெய்யும்போது சின்னமனூரில் வெயில் அடிக்கிறது.

அதே சுழற்சி குமரிக்கடலிலோ மன்னார் வளைகுடாவிலோ நின்றால் நாம் அதன் வடக்கில் வருகிறோம். கிழக்குக் காற்று கடல் ஈரத்தோடு ராமநாதபுரம், மதுரை வழியாக வந்து மேகமலையிலும் போடி மலையிலும் கொடைக்கானல் சரிவிலும் முட்டி மேலே ஏறும், குளிர்ந்து கொட்டும். லட்சத்தீவு, தென்கிழக்கு அரபிக்கடலில் தாழ்வு இருந்தாலும் தென்கிழக்குக் காற்று இழுக்கப்பட்டு நமக்கு மழை வரும். பலர் அரபிக்கடல் என்றால் கேரளாவுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தில் அளந்து பாருங்கள்: கம்பத்திலிருந்து நேர்கோட்டில் ஆலப்புழைக் கடற்கரை 100 கிலோமீட்டரை ஒட்டி, தொண்டிக் கடற்கரை 190 கிலோமீட்டரை ஒட்டி.

நாகப்பட்டினத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் கரையேறி மேற்கே நகர்வது மூன்றாவது வகை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, டெல்டா தென்னையைச் சாய்த்துவிட்டு, வலுவிழந்து உள்மாவட்டங்களைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போனது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் விழுந்தன, மண் சரிந்தது. இந்தப் பாதையென்றால் மழையோடு காற்றுக்கும் தயாராக வேண்டும்.

ஆகவே அறிக்கையில் 'குமரிக்கடல்', 'மன்னார் வளைகுடா', 'லட்சத்தீவு' என்று வந்தால், முன்னால் 'சுழற்சி' என்ற சாதாரணச் சொல் இருந்தாலும் வேலையை முடியுங்கள். 'வடதமிழகம் - தெற்கு ஆந்திரா' என்று வந்தால் அவசரப்படாமல் அடுத்த அறிக்கையைப் பாருங்கள், பாதை மாறுவதுண்டு.

தோட்டத்தில் என்ன செய்வது?

கனமழை என்று வானிலைத் துறை சொன்னால் ஒரு நாளில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. ஒரு செ.மீ. மழை ஏக்கருக்கு 40,000 லிட்டர் தண்ணீர். ஏழு செ.மீ. பெய்தால் பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 28 வண்டி உங்கள் ஒரு ஏக்கரில் இறங்குகிறது. அது வெளியேற வழி இருக்கிறதா என்று மழைக்கு முன்பே வாய்க்காலை நடந்து பாருங்கள்.

திராட்சையில், பழுத்த கொத்து இருந்து சுழற்சியும் தெற்கே நின்றால் வெட்டிவிடுங்கள். பாதி பழுத்திருந்தால், மழை வரப்போகிறதே என்று பாசனத்தை அடியோடு நிறுத்திக் காயப்போடாதீர்கள். காய்ந்த வேர் திடீரென்று தண்ணீரை இழுக்கும்போதுதான் பழம் வெடிக்கிறது. சொட்டுநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வாருங்கள்.

புரட்டாசியில் கவாத்து செய்த தோட்டங்கள் ஐப்பசி, கார்த்திகையில் பூவுக்கு வரும். எனக்கு அதிகக் கவலை இவற்றின் மேல்தான். பூவும் இளம்பிஞ்சும் இருக்கும்போது இரண்டு நாள் மூட்டமும் தூறலும் போதும், அடிச்சாம்பல் நோய் கொத்தையே கருக்கிவிடும். பூ விரியும் முன்பே இலையின் அடிப்புறம் நனைய ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கலவையில் அரிவாளை முக்கி எடுத்து, செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பழுக்கும் கொத்தில் இதைத் தெளிக்காதீர்கள், நீலக் கறையைப் பார்த்தால் எந்த வியாபாரியும் தொடமாட்டார். நோய் ஏற்கெனவே தெரிந்தால் ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு இலையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.

நெல்லில் சிக்கல் வேறு. ஜூன் முதல் தேதி பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் 14,707 ஏக்கர் முதல்போகம் அக்டோபரில் அறுவடைக்கு வரும். பருவமழை தொடங்கும் நேரமும் அதுதான். நடவு பிந்திய வயல்கள் நடுமழையில் மாட்டும். கதிர் முக்கால்வாசிக்கு மேல் பொன்னிறமாகிவிட்டால் வயல்நீரை வடித்து, அறுவடை எந்திரத்துக்கு இப்போதே சொல்லிவையுங்கள். மழை பெய்த பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில் பெல்ட் வண்டி தேவைப்படும். இரண்டாம்போகத்துக்கு நட்டவர்கள் கனமழைக்கு முந்தின நாள் யூரியா போடாதீர்கள், அது முல்லைப் பெரியாற்றுக்குத்தான் போகும்.

வாழைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே வாழையை அதிகம் சாய்ப்பது சித்திரை, வைகாசிக் கோடைமழையின் சூறைக்காற்று. வங்கக்கடல் புயல் அபூர்வம். ஆனாலும் கஜா மாதிரிப் பாதை என்றால் தார் விட்ட மரங்களுக்கு முட்டுக் கொடுங்கள், காய்ந்த இலைகளை அறுத்துவிடுங்கள், மண் அணையுங்கள். முக்கால் பதம் முற்றிய தாரை இறக்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊரில் வானம் வெளுத்திருந்தாலும் மேலே மலையில் பெய்தால் சுருளியும் சண்முகாநதியும் கொட்டகுடியும் சில மணி நேரத்தில் பெருகும். இரவு மழை எச்சரிக்கை இருந்தால் ஆற்றோர மோட்டாரை மாலையிலேயே மேடேற்றுங்கள். ஆடு, மாட்டையும் அங்கே கட்டாதீர்கள்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாக வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பும் பயிர் ஆலோசனையும் 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே கிடைக்கும். இடிக்கு 'தாமினி' செயலி. நெல்லைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்தவர்கள், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல்மழையில் நனைந்து சேதமானால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். படம் எடுத்த பிறகு நெல்லை அள்ளுங்கள்.