எந்த மர்டாக் வழக்கு?

கணவன் மனைவி சொத்துரிமைச் சட்டம் எப்படி மாறிவந்தது என்று சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கனடா பகுதிக்கு நான் எழுதிவைத்த குறிப்பு இது: "மர்டாக் வழக்கு, 1975. பண்ணையில் உழைத்த மனைவிக்குச் சொத்தில் பங்கு கொடுத்தது சுப்ரீம் கோர்ட்." தீர்ப்பை முழுசாகப் படித்தபோதுதான் தெரிந்தது, ஒரே வரியில் இரண்டு தப்பு. வருஷமும் தப்பு, முடிவும் தப்பு.

முதலில் வருஷம். மர்டாக் எதிர் மர்டாக் வழக்கில் தீர்ப்பு வந்தது 1973 அக்டோபர் 2. அது அச்சான தீர்ப்புத் தொகுப்புதான் 1975-ஆம் ஆண்டினுடையது. நம்ம தொழிலில் கோடு எழுதிய தேதி வேறு, ரிலீஸ் தேதி வேறு இல்லையா, அதே கதைதான். இரண்டு வருஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். ஆனால் இந்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய போரா லாஸ்கின் 1973 டிசம்பரில் தலைமை நீதிபதி ஆகிவிட்டார். 1975 என்று எடுத்துக்கொண்டால், "தலைமை நீதிபதியே சொன்னார்" என்று தப்பாக எழுதிவிடுவோம். சொன்னபோது அவர் ஐந்து பேரில் ஒருவர், அவ்வளவுதான்.

அடுத்து முடிவு. ஐரீன் மர்டாக் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பண்ணைப் பெண். 1943-ல் கல்யாணம், 1968-ல் பிரிவு. கணவர் வருஷத்தில் ஐந்து மாதம்போல வெளிவேலைக்குப் போய்விடுவார். அப்போது புல் அறுப்பது, டிராக்டர் ஓட்டுவது, மாடுகளை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப் போவது, கொம்பு நீக்குவது, தடுப்பூசி போடுவது, சூடு போட்டு அடையாளம் வைப்பது எல்லாம் இவர்தான். நிலம் கணவர் பெயரில். இதெல்லாம் எந்தப் பண்ணைக்காரர் மனைவியும் செய்கிற வேலைதானே என்றது விசாரணைக் கோர்ட். சுப்ரீம் கோர்ட்டும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. ஐரீன் தோற்றார். சாதாரண வேலை இல்லை, அசாதாரண உழைப்பு, அதனால் பங்கு உண்டு என்றது லாஸ்கின் மட்டும்தான்.

அப்புறம் அவர் ஜெயித்ததாக நான் எப்படி எழுதினேன்? இரண்டு காரணம். ஒன்று, பின்னால் வந்த புத்தகங்கள் மேற்கோள் காட்டுவதெல்லாம் லாஸ்கின் வரிகளைத்தான். மேற்கோளை மட்டும் படித்தால் அதுவே கோர்ட் தீர்ப்பு என்று தோன்றிவிடும். இரண்டு, விவாகரத்து நடவடிக்கையில் ஆல்பர்ட்டா கோர்ட் அவருக்கு 65,000 டாலர் மொத்தத் தொகையாகக் கொடுத்தது. அதற்கும் மர்டாக் எதிர் மர்டாக் என்றுதான் பெயர். ஆனால் அது ஜீவனாம்சம், சொத்துரிமை இல்லை. முதலாவது தேவையைப் பார்த்துக் கொடுப்பது, இரண்டாவது "இது உன்னுடையதும்தான்" என்று ஒப்புக்கொள்வது. அவர் கேட்டது இரண்டாவதை.

நான் தேடிய "பங்கு கொடுத்த வழக்கு" அதற்கடுத்து வந்தது. 1978-ல் ராத்வெல் எதிர் ராத்வெல், சஸ்காட்சுவான் மாகாணத்துப் பண்ணை. மனைவிக்குப் பாதி கிடைத்தது. ஆனால் அங்கே ஆரம்பத்தில் இரண்டு பேர் சேமிப்பும் ஒரே கூட்டுக் கணக்கில் இருந்தது. அதாவது அவருடைய பணமும் உள்ளே போயிருந்தது. சொத்து ஒருவர் பெயரில் இருந்தாலும், உழைத்த இன்னொருவரின் பங்கை அவர் பொறுப்பாக வைத்திருப்பதாகக் கோர்ட்டே கருதலாம் என்ற கருத்தை அந்த வழக்கில் மூன்று நீதிபதிகள்தான் ஏற்றார்கள். அது பெரும்பான்மைத் தீர்ப்பானது 1980 டிசம்பரில், பெட்கஸ் எதிர் பெக்கர் வழக்கில்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இருவருக்கும் கல்யாணமே ஆகவில்லை. பத்தொன்பது வருஷம்போலச் சேர்ந்து வாழ்ந்து தேனீ வளர்த்தவர்கள். ரோசா பெக்கருக்குப் பாதி என்று தீர்ப்பாயிற்று. ஆனால் கைக்கு வரவேண்டியது முழுசாக வந்து சேரவே இல்லை. 1986-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஆக, தீர்ப்பில் ஜெயித்தார் என்பதோடு குறிப்பை முடித்துவிடவும் முடியவில்லை.

மணமானவர்களுக்கு விடிவு வந்தது பெரும்பாலும் சட்டசபை வழியாக. மர்டாக் தீர்ப்பு கிளப்பிய கோபத்தில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. ஆல்பர்ட்டாவின் சட்டம் 1979 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது.

இதனால்தான் சரியான வழக்கைக் கண்டுபிடிப்பது வெறும் எண் சரிபார்க்கிற வேலை இல்லை என்கிறேன். என் பழைய குறிப்பின்படி பார்த்தால், உழைத்த பெண்ணுக்குக் கோர்ட் தானாகவே நியாயம் கொடுத்துவிட்டது. நடந்தது அதுவல்ல. ஒருத்தி தோற்றாள், அதைப் பார்த்து மற்றவர்கள் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். குறிப்பைத் திருத்திவிட்டேன்: "மர்டாக், 1973. தோல்வி."