அலெக்சாந்திரியா: காண வேண்டிய இடங்கள்

எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் நீண்டு கிடக்கும் துறைமுக நகரம்; கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவியது. பண்டைய ஏழு அதிசயங்களுள் ஒன்றான பாரோஸ் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களால் இடிந்தது. அது நின்ற இடத்தில் 1470-களில் சுல்தான் கைத்பே எழுப்பிய கோட்டையே இன்று பயணிகள் முதலில் தேடிச் செல்லும் இடம்.

ஆயினும் நகரின் அரிய செல்வம் கோம் எல் ஷொகாபா நிலத்தடிக் கல்லறைகள்தாம். 1900-இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் இவை வெளிப்பட்டன என்பர். பாறையைக் குடைந்த மூன்று அடுக்குகள். உள்ளே எகிப்தியத் தெய்வமான அனுபிஸ், ரோமப் போர்வீரனின் உடையில் நிற்கிறது. இரு நாகரிகங்கள் கலந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சிற்பம் அரிது. நகரில் ரோமத் தளபதி பாம்பேயின் பெயரால் வழங்கும் ஒற்றைக்கல் தூண் உண்மையில் ரோமப் பேரரசர் தயோக்ளீசியனுக்காக நடப்பட்டது. பண்டைக் காலத்தில் இந்நகரில் இருந்த நூலகத்தின் நினைவாக எழுந்த புதிய நூலகம் 2002-இல் திறக்கப்பட்டது. அதன் கருங்கல் சுவரில் உலகின் பல எழுத்துமுறைகள் செதுக்கப்பட்டுள்ளன.