மாஜிஸ்திரேட் நீதிபதி விசாரணைக்கு இசைவு

அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள உரிமையியல் வழக்கை மாவட்ட நீதிபதிக்குப் பதிலாக மாஜிஸ்திரேட் நீதிபதியே முழுமையாக விசாரித்துத் தீர்ப்பளிக்க எல்லாத் தரப்பினரும் அளிக்கும் ஒப்புதல். 1968ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவியை உருவாக்கியது. 1979ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அதிகாரத்தைத் தெளிவாக வழங்கியது.

மாவட்ட நீதிபதியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் உறுதிசெய்கிறது, பதவி ஆயுட்காலத்துக்கு. முழுநேர மாஜிஸ்திரேட் நீதிபதியையோ மாவட்ட நீதிபதிகளே 8 ஆண்டுகளுக்கு நியமிக்கின்றனர். ஆயுட்கால நீதிபதியிடம் வழக்காடுவது அரசியலமைப்பு தரும் உரிமை என்பதால், அதை விட்டுக்கொடுப்பவர் மனமுவந்தே விட்டுக்கொடுக்க வேண்டும். மறுத்தால் பாதகம் ஏதுமில்லை என்பதையும் நீதிமன்றம் தெரிவிக்கிறது. எல்லாரும் சம்மதித்தால் மட்டுமே கையொப்பமிட்ட படிவம் நீதிபதியின் பார்வைக்குப் போகும். யார் மறுத்தார் என்பது அவருக்குத் தெரியாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது.

வழக்கறிஞர்களை ஈர்ப்பது பெரும்பாலும் நாள்காட்டிதான். மாவட்ட நீதிபதியிடம் குற்ற வழக்குகள் முந்திக்கொள்வதால் உரிமையியல் விசாரணை தள்ளிப்போகும். மாஜிஸ்திரேட் நீதிபதி பெருங்குற்ற வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பதில்லை என்பதால் குறித்த தேதி நிலைக்க வாய்ப்பு அதிகம். மேல்முறையீடு நேரே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும்.

ரோல் எதிர் வித்ரோ வழக்கில் (2003) பிரதிவாதிகள் இருவர் படிவம் தராமலே விசாரணையில் முழுமையாகப் பங்கேற்றனர். அந்த நடத்தையே இசைவாகும் என உச்ச நீதிமன்றம் 5-4 பெரும்பான்மையில் தீர்த்தது. கொடுத்த இசைவை நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. அசாதாரணச் சூழலைக் காட்டியாக வேண்டும்.